மின்காருக்கு இல்லத்தில் மின்னேற்றம்: செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு பாடம்

காரைக்குடி மண்ணுக்கும் மின்கலத்திற்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1948 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள் பண்டித ஜவாஹர்லால் நேரு அவர்கள் இவ்வூரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் அவர்கள் அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாக அளித்தார்கள். 1953 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்கள் அந்நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். மக்கள் ‘சிக்ரி’ என்று வழங்கும் அந்நிலையத்தில் அரிமானம், மின்முலாம் முதலிய துறைகளோடு மின்கல ஆராய்ச்சியும் தொடர்ந்து நடந்து வருகிறது. நம் நாட்டிலேயே ஆராய்ந்து உருவாக்கிய லித்தியம் அயனி மின்கல முறையைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கும் உடன்படிக்கையை 2018 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நிலையம் செய்துகொண்டது.

ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மின்கலம் இப்பொழுது வண்டியில் ஏறி நம் வீட்டு வாயிலுக்கு வந்து நிற்கிறது. மின்சார ஸ்கூட்டர் பல ஊர்களில் ஓடுகிறது. ஊராட்சிகளில் குப்பை சேகரிக்க மின்கல வண்டி வந்துள்ளது. மின்காரும் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருக்கிறது. கார் வாங்குவோர் விலையையும், ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் கேட்டறிகின்றனர். தம் வீட்டுக் கம்பி அந்தக் காரைத் தாங்குமா என்று கேட்பவர் சிலரே. முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே ஆகும். மின்காரை வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்கு ஏற்றவாறு வீட்டின் மின்னிணைப்பைச் செம்மை செய்வதே உண்மையான வேலை. அதனை எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

இதில் உயிரும் உடைமையும் அடங்கியிருக்கின்றன. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வேலூரில், வீட்டில் மின்னேற்றம் செய்த மின்சார ஸ்கூட்டரில் தீப்பற்றி, அதன் புகையால் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் பிற இடங்களிலும் இத்தகைய தீ விபத்துக்கள் நேர்ந்தன. அதன் பின்னர், இரு சக்கர, மூன்று சக்கர மின்வண்டிகளின் மின்கலங்களுக்கான விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. வண்டியின் தரத்தை அரசு கவனித்துக் கொள்ளும். வீட்டுக் கம்பியின் தரத்தை வீட்டுக்குரியவரே கவனித்துக் கொள்ளல் வேண்டும்.

மின்னேற்றம் என்பது யாது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். மின்கலம் சேமித்து வைப்பதோ நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியே மின்னேற்றி. மின்காரில் இக்கருவி காருக்குள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. சுவரில் மாட்டும் பெட்டியை மக்கள் ‘சார்ஜர்’ என்று அழைத்தாலும், அது மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் காருக்கு அனுப்பும் வாயிலே அன்றி வேறில்லை. கார் சரியாக இணைக்கப்பட்டுள்ளதா, நிலத்தொடர்பு உள்ளதா என்று சோதித்த பின்னரே அது மின்சாரத்தைச் செல்ல விடும்.

இதனை அறிந்துகொண்டால் வீண் செலவு ஒன்று குறையும். காருக்குள் இருக்கும் மின்னேற்றி 3.3 கிலோவாட் மட்டுமே ஏற்க வல்லதாயின், சுவரில் 7.2 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் கார் 3.3 கிலோவாட்டையே எடுத்துக் கொள்ளும். ஆகவே பெட்டி வாங்குமுன் காரின் கையேட்டைப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் மின்னேற்ற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 16 ஆம்பியர் மூன்று துளைச் செருகியிலிருந்து ஏறக்குறைய 3 கிலோவாட் அளவில் மெதுவாக ஏற்றுவது. இரண்டாவது, 32 ஆம்பியர் தனிப்பெட்டியின் வாயிலாக 7 கிலோவாட் அளவில் விரைவாக ஏற்றுவது. நெடுஞ்சாலை நிலையங்களில் காணப்படும் நேர்திசை விரைவு மின்னேற்றிகள் இவற்றினும் பன்மடங்கு மின்சாரம் வேண்டுபவை. அவை இல்லங்களுக்கு உரியன அல்ல.

விவசாயிகளுக்கு விளங்குமாறு கூறினால், 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 3.7 கிலோவாட் ஆகும். மெதுவாக மின்னேற்றும் ஒரு கார், இரவு முழுவதும் ஓடும் ஓர் இறைவை மோட்டாருக்கு ஒப்பானது. மோட்டாருக்கு என்று தனிக் கம்பியும் தனி ஸ்டார்ட்டரும் வைக்கிறோம். திண்ணை விளக்குக்குப் போட்ட கம்பியில் எவரும் மோட்டாரை இணைப்பதில்லை. காருக்கும் அதே நியாயம் பொருந்தும்.

நமக்கு எவ்வளவு வேண்டும்?

சிறிய மின்கார் ஒன்றில் 24 அலகு கொள்ளும் மின்கலம் இருப்பதாகக் கொள்வோம். இழப்புக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுவரிலிருந்து எடுக்கும் ஓர் அலகு மின்சாரத்தில் அக்கார் 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் சென்று திரும்புபவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டுவார். அதற்கு 6 முதல் 7 அலகு போதும். 3 கிலோவாட் மெதுவான முறையிலேயே இரண்டேகால் மணி நேரத்தில் இது ஏறிவிடும். மின்கலம் முழுதும் தீர்ந்திருந்தாலும் ஓர் இரவு, அதாவது 8 அல்லது 9 மணி நேரம், போதுமானது.

எனவே பெரும்பாலான கிராமக் குடும்பங்களுக்கு மெதுவான முறையே போதும். நாள்தோறும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வாடகைக் கார் வைத்திருப்பவர், ஒரே வீட்டில் இரண்டு கார் உள்ளவர் ஆகியோரே 7 கிலோவாட் முறையை நாட வேண்டும்.

பழைய இல்லமும் பழைய கம்பியும்

செட்டிநாட்டு இல்லங்களுக்கு என்று ஒரு தனித்தன்மை உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த பெருவீடுகள் இவை. முகப்பு, வளவு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். பர்மாத் தேக்குத் தூண்களும் உத்திரங்களும் நிறைந்தவை. இவற்றுட் பலவற்றில் மின்சாரம் பின்னரே வந்தது. தேக்குச் சட்டங்களின்மேல் ஓட்டப்பட்ட அக்காலத்துக் கம்பிகள் இன்றும் சில வீடுகளில் உள்ளன. சில விளக்குகளையும் ஒரு மின்விசிறியையும் மனத்திற்கொண்டு போட்ட கம்பிகள் அவை. அவற்றின் ரப்பர் உறை காலத்தால் காய்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். எலி கடித்த இடங்களும் உண்டு.

இத்தகைய கம்பியில் 15 ஆம்பியர் மின்சாரம் எட்டு மணி நேரம் இடைவிடாது ஓடினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் பார்ப்போம். முகப்பிலுள்ள மீட்டரிலிருந்து பின்கட்டுக் கொட்டகை வரை 30 மீட்டர் தூரம் என்க. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியாயின், வழியிலேயே ஏறக்குறைய 160 வாட் வெப்பமாக வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டராயின் 100 வாட். 4 சதுர மில்லிமீட்டராயின் 60 வாட். சுவருக்குள்ளும் மரச்சட்டத்தின்மேலும் இவ்வெப்பம் இரவெல்லாம் தங்குகிறது. இணைப்புக்கள் தளர்ந்துள்ள இடத்தில் வெப்பம் இன்னும் குவியும். நீரைச் சுட வைக்கும் கருவியோ அரைக்கும் இயந்திரமோ சில நிமிடங்களில் நின்றுவிடும். கார் அவ்வாறு நிற்பதில்லை. பகலில் நன்றாகவே வேலை செய்யும் செருகி இரவில் கருகிப் போவதன் காரணம் இதுவே.

ஆகவே முதல் விதி: காருக்கு மீட்டர்ப் பலகையிலிருந்தே தனிக் கம்பி இழுத்தல் வேண்டும். அக்கம்பியில் விளக்கோ விசிறியோ வேறு எதுவுமோ இணைக்கலாகாது. 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியும், 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தாமிரக் கம்பியும் பொருத்தமாகும். தூரம் மிகுமாயின் அதற்கேற்பக் கனத்தைக் கூட்ட வேண்டும். கம்பியின் தொடக்கத்தில் அதற்கென்று தனித் தடைப்பான் இருத்தல் வேண்டும். அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய தடைப்பானை மாட்டுவதும், பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் தீயை வலிய அழைப்பதாகும்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். தனிக் கம்பிக்காக முட்டைச் சாந்துச் சுவரைக் கொத்துவதும் ஆத்தங்குடித் தளத்தைப் பெயர்ப்பதும் தேவையில்லை. இரும்பு அல்லது பிளாஸ்டிக் குழாய்க்குள் கம்பியை இட்டு வெளிச்சுவர் வழியாகக் கொண்டு செல்லலாம். கார் நிற்கும் இடம் பின்தெருவிலும் மீட்டர் முன்தெருவிலும் உள்ள வீடுகளில், நீண்ட கம்பி இழுப்பதைவிடப் பின்தெருவிலேயே காருக்கெனத் தனி மின்னிணைப்புப் பெறுவது சிக்கனமாகலாம். அதற்கு விதியில் இடம் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலத்தொடர்பு

மழைக்காலத்தில் மின்கம்பத்தின் ஸ்டே கம்பியை உரசிய மாடு துடித்து வீழ்ந்த கொடுமையைக் கிராமத்தில் அறியாதவர் இலர். கசிந்த மின்சாரம் பூமிக்குச் செல்ல நல்ல வழி இல்லாதபோது, தொட்ட உயிரின் உடலையே வழியாகக் கொள்கிறது. மின்காரோ இரும்பு உடலும் ரப்பர்ச் சக்கரமும் கொண்டது. கசிவு ஏற்பட்டால் தானே பூமிக்குச் செல்ல அதற்கு வழி கிடையாது. கதவைத் தொடும் குழந்தையின் கையே வழியாகிவிடும். ‘எர்த்து’ எனப்படும் நிலத்தொடர்பு இதனால்தான் இன்றியமையாததாகிறது.

மூன்று துளைச் செருகி இருப்பதால் நிலத்தொடர்பு இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. பல பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இராது. இருக்கும் கம்பியும் துருப்பிடித்து அறுந்திருக்கும். விளக்கு எரியும் சோதனைக் கருவியை அத்துளையில் வைத்து எரியவில்லை என்பதனால் ஒன்றும் தெளிவாகாது. நிலத்தொடர்பின் தடையை அதற்குரிய அளவுகருவியால் அளந்தே அறிதல் வேண்டும். 5 ஓமுக்கு மிகாமல் இருப்பது நலம்.

நம் பகுதியின் மண் செம்புறை மண். மேலே சிறிது ஈரம் இருப்பினும் அடியில் கல்லாக இறுகிக் கிடக்கும். கோடையில் ஈரம் வற்றியதும் மின்தடை மிகும். மார்கழியில் அளந்து நன்றாக இருந்த நிலத்தொடர்பு சித்திரையில் பயனற்றுப் போகலாம். ஆகவே இங்கே ஆழமும் ஈரமும் உள்ள இடத்தைத் தேர்தல் வேண்டும். இந்திய தர நிறுவனத்தின் விதிப்படி, இரும்புக் குழாயாயின் 2.5 மீட்டருக்குக் குறையாத நீளத்தில், கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிப் புதைக்க வேண்டும். பின்கட்டில் கிணற்றடியை ஒட்டிய நிலமோ, குளியலறை நீர் செல்லும் இடமோ ஏற்றது. ஒரு குழாய் போதாதாயின், மற்றொன்றைத் தள்ளிப் புதைத்து இரண்டையும் இணைக்கலாம். கோடையில் வாரம் ஒரு முறை ஒரு குடம் நீர் ஊற்றுவதும், ஆண்டுதோறும் சித்திரையில் ஒரு முறை அளப்பதும் வழக்கமாக வேண்டும்.

இங்கே ஒரு கொடிய பழக்கத்தைக் குறிப்பிடுதல் கடமையாகும். நிலத்தொடர்பு இல்லாத வீட்டில் காரைச் செருகினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து மின்னேற்றம் நின்றுவிடும். அதைக் கண்டு, நியூட்ரல் கம்பியையே நிலத்தொடர்புத் துளையில் சேர்த்து முடிந்துவிடுவோர் உண்டு. பெட்டி ஏமாந்துவிடும், காரும் ஏற்றத் தொடங்கும். ஆனால் பின்னர் எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்தால், காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும். இவ்வாறு செய்வது எமனை வாயிலில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். சிவப்பு விளக்கு எரிந்தால் அதைக் குறை என்று கொள்ளாமல் காவல் என்று கொண்டு, நிலத்தொடர்பைச் சீர்செய்தல் வேண்டும்.

கசிவு நிறுத்தி

மூன்றாவது காவல், கசிவு நிறுத்தி. கடைகளில் ‘ஆர்.சி.டி.’ என்றும் ‘ஆர்.சி.சி.பி.’ என்றும் கேட்டுப் பெறலாம். இதன் வேலை எளியது. ஒரு கம்பியில் செல்லும் மின்சாரமும் மறு கம்பியில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருத்தல் வேண்டும். சென்றதில் ஒரு பகுதி திரும்பவில்லையாயின் அது எங்கோ கசிகிறது என்று பொருள். அவ்வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ இக்கருவி நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். சாதாரணத் தடைப்பான் மிகுதியான மின்சாரத்தைத்தான் தடுக்கும். மனித உடல் வழியே கசியும் சிறு மின்சாரத்தை அது அறியாது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று கருதலாகாது.

மத்திய மின்சார ஆணையம் 2019 இல் சேர்த்து, 2023 ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்த விதிகளின்படி, மின்வண்டிக்கான கசிவு நிறுத்தி 30 மில்லி ஆம்பியருக்கு மிகாததாகவும், ‘ஏ’ வகைக்குக் குறையாததாகவும், நியூட்ரல் உள்ளிட்ட எல்லாக் கம்பிகளையும் துண்டிப்பதாகவும் இருத்தல் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ‘ஏசி’ வகை இதற்குப் போதாது. கருவியின் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழாத கருவியை உடனே மாற்றுதல் வேண்டும்.

பொருத்தும் இடம்

அதே விதிகள் பொருத்தும் முறையையும் கூறுகின்றன. செருகி தரையிலிருந்து 800 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி உயரத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கார் நிற்கும்போது அதன் மின்வாய் பெட்டியிலிருந்து 5 மீட்டருக்குள் அமைய வேண்டும். நீட்டுக் கம்பியும், இடையில் மாட்டும் மாற்றுச் செருகியும் பயன்படுத்தலாகாது. திருவிழா நாட்களில் சன்னல் வழியாகக் கம்பியை நீட்டித் தெருவில் நிற்கும் காருக்கு மின்னேற்றுவது விதிக்கு முரணானது, நடப்போர்க்கும் ஆபத்தானது.

கொட்டகை மழைச்சாரல் படாததாகவும் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்கட்டும். வைக்கோற் போர், விறகு, எண்ணெய், உரமூட்டை ஆகியவற்றின் அருகே வேண்டாம். கோடை இடியுடன் கூடிய மழை நம் பகுதியில் மிகுதியாதலால், மின்னல் அதிர்ச்சியைத் தாங்கும் கருவியையும் பலகையில் பொருத்துவது நன்று. ஸ்கூட்டரை வீட்டின் ஒரே வாயிற்படியிலோ, மாடிப்படியின் கீழோ வைத்து இரவில் மின்னேற்றலாகாது. தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

இவ்வேலைகளைச் செய்பவர், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற மின்கம்பியாளராக இருத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் கம்பியின் காப்புத்தடை, நிலத்தொடர்பின் தடை, கசிவு நிறுத்தியின் செயல் ஆகிய மூன்றையும் அளந்து தாளில் எழுதி வாங்கிக் கொள்க. முதல் வாரத்தில், மின்னேற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துச் செருகியின் மேற்புறத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே நிறுத்தி மின்கம்பியாளரை அழைத்தல் வேண்டும்.

விதியும் விண்ணப்பமும்

வீட்டில் சொந்தக் காருக்கு மின்னேற்ற உரிமம் எதுவும் தேவையில்லை. மின்னேற்றம் என்பது சேவையே, மின்சார விற்பனை அன்று என்று மத்திய மின்துறை 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. இருக்கும் வீட்டு மின்னிணைப்பிலிருந்தே மின்னேற்றலாம் என்று 2022 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியது. ஆயினும் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாதாயின், மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுனை இணைப்பு போதுமா, மும்முனை வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். 2024 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வண்டிக்கெனத் தனி இணைப்பைக் கோர நுகர்வோருக்கு உரிமை உண்டு. கிராமப் பகுதியில் புதிய இணைப்பு வழங்கும் காலமும் 30 நாட்களிலிருந்து 15 நாட்களாகக் குறைக்கப்பட்டது.

செட்டிநாட்டில் இங்கு ஒரு சிக்கல் எழுவதுண்டு. பெருவீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். மின்னிணைப்போ மறைந்த பாட்டனார் பெயரிலேயே இருக்கும். கார் வாங்கிய பின்னர் இதனைத் தீர்க்க முற்படாமல், முன்னதாகவே பங்காளிகளின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுப் பெயர் மாற்றத்தையும் முடித்துக்கொள்வது விவேகம். திருமணத்திற்கும் படைப்பிற்கும் உறவினர் பலர் கார்களில் வந்து கூடும் வீடுகளில், ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே ஏற்றப்படும் என்னும் ஒழுங்கையும் வகுத்துக் கொள்ளல் வேண்டும்.

விவசாயிகள் குறிப்பாக ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இறைவைக்கென அரசு அளிக்கும் இலவச மின்னிணைப்பிலிருந்து காருக்கோ ஸ்கூட்டருக்கோ மின்னேற்றலாகாது. வயலில் மோட்டார் அறை அருகில் இருக்கிறது, மின்சாரமும் இலவசம் என்று எண்ணுவது இயல்பே. ஆயின் அனுமதித்த நோக்கத்திற்குப் புறம்பாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126 ஆம் பிரிவின்கீழ் வரும். அதற்குரிய கட்டண விகிதத்தைப் போல் இருமடங்கு கணக்கிடப்படும்; எப்பொழுது தொடங்கியது என்று அறிய இயலாவிடில் ஓராண்டுக்கும் கணக்கிடலாம். சிலர் செய்யும் தவறு, உழவர் அனைவரும் பெற்றுவரும் சலுகைக்கே பழியாகும். வீட்டு இணைப்பிலிருந்து காசு வாங்கிக்கொண்டு பிறர் காருக்கு மின்னேற்றுவதும் வீட்டுப் பயன்பாட்டில் அடங்காது.

கட்டணக் கணக்கு

நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒரு முறை, படிப்படியாக உயரும் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 155 அலகு, இரு மாதத்திற்கு 310 அலகு ஆகும். இதுவரை 300 அலகு செலவழித்த வீடு இனி 610 அலகு காட்டும். 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த கட்டண முறையில், 500 அலகைக் கடந்தால் கடந்த அலகுகள் மட்டுமின்றி, முந்தைய படிகளில் ஒரு பகுதியும் உயர்ந்த விகிதத்திற்கு மாறும்படி அமைந்தது. ஆதலின் முதல் இரசீதைக் கண்டு திகைக்காமல், முன்னதாகவே தம் அட்டையைப் பார்த்து, அன்றுள்ள விகிதத்தில் கணக்கிட்டுக் கொள்க.

உயர்ந்தாலும் இலாபம் இருக்கிறதா? ஓர் அலகுக்கு 9 ரூபாய் என்று மிகுதியாகவே வைத்தாலும் 310 அலகுக்கு 2,790 ரூபாய். அதே 2,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு 111 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாயாயின் 11,100 ரூபாய். மிச்சம் இரு மாதங்களுக்கு 8,000 ரூபாய்க்கு மேல். தனிக் கம்பிக்கும் நிலத்தொடர்புக்கும் கசிவு நிறுத்திக்கும் ஆகும் செலவை இம்மிச்சத்திலிருந்து எடுக்கலாம். அதில் சிக்கனம் பிடிப்பது அறிவுடைமையாகாது.

வெயிலுக்குக் குறைவில்லாத நம் பகுதியில் சூரிய ஒளி மின்தகடும் துணை செய்யும். 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 அலகு அளவில் தரும். 2024 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம மந்திரியின் சூரிய வீடு திட்டத்தில், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டன. 2 கிலோவாட் தகடு தரும் மின்சாரம் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காரின் தேவைக்கு ஈடாகும். செட்டிநாட்டு ஓட்டுக் கூரைகளில் ஏற்றுமுன், சட்டங்களின் வலிமையைத் தச்சரையும் கொத்தனாரையும் கொண்டு ஆராய்தல் அவசியம். பின்கட்டில் உள்ள தளக்கூரையோ கார்க் கொட்டகையின் கூரையோ பெரும்பாலும் இதற்கு ஏற்றதாகும்.

ஊராட்சியின் கடமை

ஒரு வீட்டுக்கு ஒரு கார் சிறிய செய்தி. ஒரு தெருவில் பத்துக் கார் என்பது ஊரின் செய்தி. பத்து வீடுகளில் 7 கிலோவாட் பெட்டிகள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் 70 கிலோவாட் வேண்டும். 63 கே.வி.ஏ. மின்மாற்றி அதனைத் தாங்காது. அதே பத்துக் கார்களும் மெதுவான முறையில் ஏற்றினால் 33 கிலோவாட்டுக்குள் அடங்கும். விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தவிர்த்து, அதன் பின்னர் மின்னேற்றத் தொடங்கினால் ஊருக்கு இடையூறு நேராது. பல கார்களில் தொடங்கும் நேரத்தைக் குறித்து வைக்கும் வசதி உள்ளது.

ஊராட்சி உறுப்பினர்கள் ஆற்றத்தக்க பணிகள் சில உண்டு. மின்வண்டி வைத்திருப்போர் பட்டியலை மின்மாற்றி வாரியாக எழுதி வைத்து, பளு மிகும் தெருக்களைப் பிரிவு அலுவலகத்திற்கு முன்னதாகவே தெரிவிக்கலாம். ஊராட்சியின் குப்பை வண்டிகளுக்கு மின்னேற்றும் கொட்டகை, மேற்கூறிய மூன்று காவல்களும் உடையதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாள்தோறும் அவ்வண்டியைத் தொடுபவர் தூய்மைக் காவலர். ஈரக் கையோடும் ஈரத் தரையிலும் வேலை செய்பவர் அவர். அவருடைய பாதுகாப்பு மன்றத்தின் பொறுப்பாகும். மேலும், கிராம சபையில் ஆண்டுக்கு ஒரு முறை சான்று பெற்ற மின்கம்பியாளர் ஒருவரை அழைத்து நிலத்தொடர்பு அளக்கும் முறையைக் காட்டச் செய்யலாம். குன்றக்குடி அடிகளார் அவர்கள் முன்னின்று நடத்திய கிராமத் திட்டத்திற்குச் சிக்ரி அறிவியலாளர்கள் துணைநின்றது இவ்வட்டாரம் அறிந்த செய்தி. ஆராய்ச்சிக் கூடமும் கிராமமும் கைகோத்த அம்மரபு இந்தப் புதிய துறையிலும் தொடர்வது பொருத்தமே.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. காருக்கு மீட்டர்ப் பலகையிலிருந்தே தனிக் கம்பியும் தனித் தடைப்பானும் வேண்டும்.

2. நிலத்தொடர்பை அளந்து பார்க்க வேண்டும். கோடையில் மறுபடியும் அளக்க வேண்டும். நியூட்ரலை அதனோடு செருகியில் சேர்க்கவே கூடாது.

3. 30 மில்லி ஆம்பியர், ‘ஏ’ வகைக் கசிவு நிறுத்தி இன்றிக் காரைச் செருகலாகாது.

4. பெரும்பாலோருக்கு 16 ஆம்பியர் மெதுவான முறையே போதும். இரவு 10 மணிக்குமேல் ஏற்றுவது ஊருக்கும் நலம்.

5. நீட்டுக் கம்பி வேண்டாம். இறைவை இணைப்பிலிருந்து மின்னேற்றம் வேண்டாம்.

6. சான்று பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டே செய்து, அளவுகளை எழுத்தில் பெறுக.

இந்த ஆறனுள் முதல் மூன்றும் கார் வருமுன் முடிந்திருக்க வேண்டியவை. மின்கார் வாங்கும் எண்ணம் இல்லாதவரும் இவற்றைச் செய்துகொள்வது நலமே. நல்ல நிலத்தொடர்பும் கசிவு நிறுத்தியும் காரை மட்டும் காப்பனவல்ல. குளியலறையில் நீர் சுட வைக்கும் தாயையும், மோட்டாரைத் தொடும் உழவரையும், செருகியில் விரல் வைக்கும் குழந்தையையும் அவையே காக்கின்றன. ஆதலின் முன்பணம் கட்டுவதற்கு முன்னரே மின்கம்பியாளரை அழைத்து வீட்டை அளக்கச் செய்வோமாக.